பத்து அங்குலத் தெப்பக்குளம்

சின்னதுதான். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? பத்து அங்குலத் திரை. விரல்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொள்ளும் விசைப்பலகை. சிடி போட வாயே கிடையாது. ஒரு படத்தைத் திறக்கச் சொன்னால், திறக்கலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திறக்கும். ஆனால் கரண்ட் போனாலும் ஐந்து மணி நேரம் அசராது. என் மடியில் முழுசாக உட்காரும்.

நான் ஒன்பதாவது படித்தபோது அப்பா அந்த லேப்டாப்பை வாங்கி வந்தார். மயிலாப்பூரில் நாங்கள் இருந்த ஒன்றரை அறை வீட்டில் எனக்கென்று புதிதாக வந்த முதல் பொருள் அது. சைக்கிள், சீருடை, அட்லஸ் எல்லாம் யாராவது பயன்படுத்திவிட்டுத் தந்தவை. இதன் பிளாஸ்டிக் உறையை மட்டும் நானே கிழித்தேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அன்று சாயங்காலமே அடையாறிலிருந்து பெரியப்பா வந்தார். ஒரே கையில் தூக்கிப் பார்த்தார்.

"ஏண்டா தம்பி, இது லேப்டாப்பா, டிபன் பாக்ஸா? நாலு இட்லி வைக்கலாம் போலிருக்கே."

தி. நகர் துணிக்கடையில் ரவிக்கைத் துணியை நூல் பிசகாமல் கிழித்துக் கொடுக்கும் என் அப்பா, அண்ணன் எதிரில் மட்டும் கிழிந்த துணியாகிவிடுவார். "நம்ம பட்ஜெட்டுக்கு இதுதாண்ணே..."

"என் ஆபீஸ்ல ஒருத்தர் பழசு தர்றார். நல்லா பெருசு. இதத் திருப்பிக் குடுத்துடு."

கடையில் பத்து நாள் அவகாசம் சொல்லியிருந்தார்கள். கீறல், கறை இல்லாமல் கொண்டுவந்தால் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். பத்தாவது நாள் விஜயதசமி. "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அப்பா. அந்தப் பழைய பெரிசைப் பெரியப்பாவின் ஆபீஸில் நான் பார்த்திருந்தேன். வயரைப் பிடுங்கினால் உயிர் போய்விடும். அதை வைக்க ஒரு மேசை வேண்டும். எங்களிடம் மேசை இல்லை.

என்னிடம் இருந்ததெல்லாம் ஒன்பது நாளும் ஒரு கொலுவும்தான்.

அம்மாவின் ஐந்து படிக் கொலுவுக்குக் கீழே, மணலைப் பரப்பி வருடாவருடம் பார்க் போடுவது என் வேலை. அதில் தெப்பக்குளம் என்பது தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் தட்டு. அந்த வருடம் தட்டைத் தூக்கிக் கடாசினேன். லேப்டாப்பைப் புத்தகம்போல விரித்துப் படுக்கவைத்தேன். திரையில் நீலத் தண்ணீர், அதில் ஆரஞ்சு மீன்கள். விசைப்பலகைமேல் அப்பா கடையின் பச்சை ரவிக்கைத் துணி. அதுதான் புல்வெளி. அதன்மேல் ஒரு மாடு, ஒரு பால்காரர். பெரிசாக இருந்திருந்தால் பார்க்கையே விழுங்கியிருக்கும். இது மணலுக்கும் முதல் படிக்கும் நடுவே அளவெடுத்ததுபோல அடங்கியது.

மாடி மாமி குனிந்து பார்த்து வாயில் கை வைத்தாள். "ஏண்டி, எங்காத்துக் குளத்துல வெறும் ஜலம்தான். உங்காத்துல மீனே நீந்தறதே!"

சரஸ்வதி பூஜையன்று பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்தார்கள். பெரியம்மா அதிகம் பேசமாட்டாள். கல்யாணத்துக்கு முன் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள் என்று அம்மா சொல்வாள். அடையாறு வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. அதற்குத் துணியில் உறை உண்டு. அந்த உறையைப் பெரியப்பாவைத் தவிர யாரும் கழற்றக் கூடாது. வந்ததும் வராததுமாக, பெரியம்மா என் பாவாடை ஓரம் பிரிந்திருப்பதைக் கண்டுபிடித்தாள். ஊசி வாங்கி, வெளிச்சத்துக்குக்கூடத் திரும்பாமல், முதல் தடவையிலேயே நூலைக் கோத்துத் தைத்துவிட்டாள்.

பெரியப்பா மீன்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வேடிக்கைக்குச் சரி. நாளைக்குக் காலைல நானே வர்றேன், கடைக்குப் போயிடுவோம்."

"தரமாட்டேன்" என்றேன்.

அந்த வார்த்தையை அவரிடம் யாரும் சொன்னதில்லை. அம்மாவின் கரண்டி நின்றது. அப்பா தரையைப் பார்த்தார்.

"என்ன சொன்ன?"

"இது என்னோடது. உங்க பெரிசு எனக்கு வேணாம், பெரியப்பா."

"பாத்தியாடா தம்பி, டிபன் பாக்ஸ் வந்ததும் வாயும் வந்துடுச்சு!"

அந்த நேரம் பார்த்து மீன்கள் அசையாமல் நின்றன. சூடேறினால் அது அப்படித்தான், மலைத்துப்போய் நிற்கும். பச்சைத் துணியை விலக்கி ஒரு விசையைத் தட்டினேன். பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல்.

"அடடே, மீனுக்குப் பொரி போட்டீங்களா?"

பூஜையில் வைத்த வெல்லப் பொரி. பாகு இன்னும் காயாதது. கோயில் குளத்துப் படியில் நின்று போடுவதுபோல ஒரு பிடியை வீசினாள். "பெரியம்மா!" என்று நான் கத்துவதற்குள் இன்னொரு பிடி. "சாப்பிடட்டும், பாவம்" என்று உள்ளங்கையால் ஒரு தள்ளு வேறு.

"கண்ணு அவிஞ்சுபோச்சா? அது கம்ப்யூட்டர்டி!" என்றார் பெரியப்பா.

"அப்படியா? கண்ணாடிய வீட்லயே வச்சுட்டு வந்துட்டேங்க. வருஷா வருஷம் தண்ணிதானே இருக்கும்?"

நான் பெரியம்மாமேல் பாய்ந்தேன். "உங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? இனிமே எங்க வீட்டுக்கு வராதீங்க!" அம்மா என்னை அறைந்தாள். பெரியம்மா தலையை ஆட்டிக்கொண்டு, மாட்டின் முதுகில் கிடந்த பொரியைப் பொறுக்கினாள்.

மறுநாள் கடைக்காரர் அதைத் தலைகீழாகத் தட்டினார். கண்ணாடி மேசைமேல் பொரி கொட்டியது. "இன்னா சார், மிஷினா கீது, பொரி மூட்டையா கீது? இத்த எட்த்துக்கினு நீங்க கெளம்புங்க."

பெரியப்பா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார். அப்பா அதை மார்போடு அணைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கும் முகத்தோடு என்னுடன் நடந்து வந்தார். அன்று தொடங்கி அது என்னுடையது. மற்ற விசைகள் பிழைத்துக்கொண்டன. அழிக்கும் விசை மட்டும் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. தப்பாக அடித்தால் அந்தத் தப்பையும் கூட்டிக்கொண்டு மேலே போக வேண்டும். போனேன். இன்றும் அப்படித்தான் எழுதுகிறேன், யார் என்ன சொன்னாலும்.

பெரியம்மாவோடு மட்டும் ஒரு வருடம் பேசவில்லை. பொருளின் அருமை தெரியாதவள் என்று நோட்டில் எழுதிக்கூட வைத்தேன்.

போன மாதம் அடையாறுக்குப் போயிருந்தேன். பெரியம்மா மூக்கைத் தேய்த்தபடி கதவைத் திறந்தாள். "வாடி. ஊசில நூல் கோக்க முடியல, அதான் கண்ணாடி வாங்கியிருக்கேன். வாழ்க்கையில முதல் தடவையா போடறேன், மூக்கெல்லாம் அரிக்குது."

எனக்குள் அந்த ஒன்பதாவது படித்தவள், இத்தனை வருடமும் அறை வாங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டு, தைத்துத் தந்த பாவாடையிலேயே உட்கார்ந்து, "தரமாட்டேன்" என்று சொல்லித் தன் லேப்டாப்பைத் தானே காப்பாற்றிக்கொண்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.