ஏச்சும் எச்சிலும்

இங்கே யாராவது என் சொந்த ஊரைக் கேட்டால் இன்றும் தயங்குவேன். அந்தப் பெயர் 'பட்டி' என்று முடியும். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். கரமனை ஆற்றங்கரை வீட்டில் வேலைக்குச் சேர்ந்த அன்று ஊரைச் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். அர்த்தம் தெரியாமல் நானும் கூடச் சிரித்தேன்.

படுக்கையில் கிடந்த அம்மச்சியைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. பெற்ற மகளின் பெயரே மறந்துபோன அவருக்கு நான் தமிழச்சி என்பது மட்டும் மறக்கவில்லை. "பாண்டிச்சீ, தொடண்டா!" தொடாதே என்று கத்துவார். ஊட்டிய கஞ்சியை என் முகத்திலேயே துப்புவார். துடைத்துக்கொண்டே, என் அம்மா சொல்வதை முணுமுணுப்பேன்: "ஏச்சும் எச்சிலும் ஒண்ணு. தொடச்சா போச்சு." தான் சுற்றிக் கொடுத்ததில் பீடிக்கடையில் கழித்துப்போட்ட பீடிகளோடு வசவையும் வாங்கிக்கொண்டு வருகிற நாள்களில், அதைச் சொல்லிக்கொண்டேதான் அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள். அவள் செத்த பிறகும் அந்தச் சொல் அவள் குரலிலேயே எனக்குக் கேட்டது. அந்த அறையில் என்னோடு தமிழ் பேச அது ஒன்றுதான் இருந்தது.

ஒருநாள் காலையில் அம்மச்சியின் கை நீலம் பாரித்திருந்ததை மகள் பார்த்துவிட்டாள்.

"எந்தா இது? நீ எந்தா செய்தது?"

"ஒண்ணும் செய்யல சேச்சி. தூக்கம் வராம கெடந்தாங்க, தட்டிக் குடுத்தேன்."

"தட்டியோ?"

அவர்கள் பேச்சில் தட்டுவதென்றால் அடிப்பது. அது எனக்கு உறைப்பதற்குள், "பாண்டிகளெ வீட்டில் கேற்றியது என்றெ தெற்று! போலீஸினெ விளிக்கும் ஞான்" என்று, பாண்டிகளை வீட்டுக்குள் விட்டது தன் தப்பென்று கத்திக்கொண்டே போனை எடுத்துவிட்டாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அம்மச்சி கையை ஓங்கினார். அடிக்கத்தான் என்று நினைத்தேன். என் தோளில் கிடந்த துண்டை இழுத்து என் கன்னத்தைத் துடைத்தார்.

"ஏச்சும் எச்சிலும் ஒண்ணு," என்று மலையாள ராகத்தில் இழுத்தார். "தொடச்சா போச்சு."

மகள் போனைக் கீழே வைத்தாள். சாயங்காலம் வந்த டாக்டர், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையால் அப்படிக் கன்றிப்போகும் என்றார். மகள் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு கிளாஸ் சாயாவைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மழைக்காலத்தில் அம்மச்சி இறந்தார். அடுத்து வந்த அம்மாவின் திதிக்கு ஊருக்குப் போனேன். படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, அந்தச் சொல்லைக் கேட்கக் கண்ணை மூடினேன். கேட்டது அம்மச்சியின் குரல். எத்தனை முயன்றும் அம்மா வரவில்லை.

அக்காவிடம் போய், அம்மா அதை எப்படிச் சொல்வாள் என்று கேட்டேன்.

"இது கூடவா மறந்துபோச்சு? இப்படித்தாம்ட்டீ சொல்லுவா," என்று அவள் அப்படியே சொல்லிக் காட்டினாள். யாரோ வெளியூர்க்காரி பேசுவதுபோல் இருந்தது.