தனித்து நின்ற என் குரல்

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. பெங்களூர் கன்டோன்மென்டில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை. இன்று சிவாஜிநகர் என்கிறார்களே, அன்று அது பிளாக்பள்ளி. அதன் சந்தை இரைச்சல் எட்டும் தூரத்தில்தான் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவக் கோயில். அங்கே பாடகர் குழுவில் முதல் வரிசையில் நிற்பேன். எனக்கு நல்ல குரல். அது மற்றவர்களைவிட எனக்கே நன்றாகத் தெரியும். பாட்டின் கடைசி அடியை எல்லோரும் முடித்த பிறகும் என் குரல் மட்டும் சற்று நேரம் நீண்டு ஒலிக்கும். ஜனங்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். எல்லாம் தேவ மகிமைக்கு என்று நினைத்துக்கொள்வேன். தன்னையே நேசிப்பதைக் குறிக்கும் 'தற்பிரியம்' என்ற வேதாகமச் சொல்லுக்கு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொருள் சொன்னவளும் நான்தான்.

ஆர்கன் வாசித்தவர் ரயில்வேயில் குமாஸ்தா. என்னைவிட ஐந்து வயது இளையவர். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஒரு சனிக்கிழமை ஒத்திகையில் வாசிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, கடைசியில நீங்க மட்டும் தனியா நிக்கிறீங்க. எல்லாரோடவும் சேர்ந்து முடிச்சிடுங்க."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பன்னிரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காது மடல்கள் சுட்டன. மீதி ஒத்திகை முழுவதும் வாயை மட்டும் அசைத்தேன். ஒரு வாரம் பொருமினேன். அடுத்த சனிக்கிழமை ஒத்திகைக்குப் போனது பாடுவதற்காக அல்ல. அவரிடம் பிழை பிடிக்கப் போனேன். ஒன்று அகப்பட்டது.

"நாலாவது அடியில ஓடுறீங்க மாஸ்டர். எங்களுக்கு மூச்சு விடவே இடமில்ல" என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி.

அவர் அந்த அடியை ஒரு முறை வாசித்துப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"ஆமாக்கா, ஓடத்தான் செய்யறேன். நல்லவேளை சொன்னீங்க."

பென்சிலை எடுத்துப் பாட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். பிறகு அதே அடியை நிதானமாக வாசித்தார். அவர் முகத்தில் கோபம் தெரிகிறதா என்று தேடினேன். தெரியவில்லை.

ஒத்திகை முடிந்து புத்தகங்களை அலமாரியில் அடுக்குவது என் வேலை. அவருடையதை எடுத்தபோது அது கையில் விரிந்தது. பக்க ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. 'இரண்டாம் சரணத்தில் சத்தம் அதிகம்.' 'ஜெபத்தின்போது பக்கம் புரட்டாதே.' 'இன்று கோபமாகப் பேசினேன், மன்னிப்புக் கேட்டாயிற்று.' எத்தனையோ வருடக் குறிப்புகள். சொன்னவர் பெயர் எங்குமில்லை. கடைசியாக, இன்னும் பளபளப்பு மாறாமல், 'நாலாம் அடியில் ஓடுகிறாய்.' வன்மத்தோடு நான் எறிந்த சொல்லை அவர் ஜெபத்துக்கு வந்த பதிலைப்போல வாங்கி எழுதியிருந்தார். அந்த வரியையே பார்த்தபடி தலைகுனிந்து நின்றேன். பலிபீடத்துக்கு முன்னால்கூட நான் அப்படி நின்றதில்லை.

ஜன்னல்களைச் சாத்திவிட்டு அவர் திரும்பி வந்தார். புத்தகம் என் கையில் திறந்தே இருந்தது.

"இதெல்லாம் யார் சொன்னது?"

"எல்லாருந்தான். கோயில் பெருக்கற அம்மாகூட சொல்லியிருக்காங்க."

"வலிக்காதா?"

"வலிக்காம என்னக்கா? நீங்க சொன்னதும் வலிச்சுது" என்று சிரித்தார். "உடனே எதிர்த்துப் பேச வாய் வந்துடும். அதான் சட்டுனு எழுத ஆரம்பிச்சுடறேன். எழுதறப்ப பேச முடியாதில்ல?"

நான் பிழை தேடித்தான் வந்தேன் என்பதை அவரிடம் ஒப்புக்கொண்டேன். பிறகு, "என்கிட்ட இன்னும் என்ன சரியில்ல, சொல்லுங்க" என்றேன். தயங்கித் தயங்கி மூன்று சொன்னார். முதலாவதுக்கே பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். மூன்றாவது, "பக்கத்துல பாடறவங்களை நீங்க கேக்கறதே இல்லக்கா" என்பது. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் மறுநாள் கோயிலுக்குப் போனேன்.

ஈஸ்டர் ஆராதனையில் கடைசி அடியை எல்லோரோடும் சேர்ந்து முடிக்க வேண்டுமென்று குரலைத் தணித்தேன். அப்போதுதான் என் இடப்பக்கத்துப் பெண்ணின் குரல் காதில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவள். நான்கு வருடமாக என் தோளை ஒட்டி நிற்பவள். ஆழத்தில் ஓடும் நீரைப்போலக் கனமான, அலையில்லாத குரல். அதற்கும் அப்பால் ஆண்கள், பின்வரிசைக் கிழவிகள், குழந்தைகள் என்று கோயில் முழுவதும் பாடிக்கொண்டிருந்தது. பாடுவதை நிறுத்திவிட்டு, வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டே நின்றேன்.