பிழை இல்லாத வார்டு

சோப்பு நுரையில் விரல்களைத் தேய்த்தபடி சாரதாமணி மெல்லச் சொல்லிப் பார்க்கிறார்: "நாந்தானுங்க மேடம் கவனிக்காம உட்டுட்டேன். இனிமே நடக்காதுங்க." இன்று இன்னும் எந்தத் தவறும் செய்யவில்லை. திருச்செங்கோட்டுத் தனியார் மருத்துவமனையில் பத்தொன்பது ஆண்டுகளாக நர்ஸ். கை கழுவும்போதெல்லாம் மன்னிப்பை ஒத்திகை பார்ப்பது ஓராண்டுப் பழக்கம்.

வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் கழிப்பறைக்கு அனுமதி கேட்க வேண்டும். கூட வேலை செய்பவர் ஒருநாள் இவருக்குப் பிரஷர் பார்த்தார், நூற்றெழுபது காட்டியது. "மெசின் ரிப்பேருங்க" என்று சாரதாமணி பட்டையை உருவிப் போட்டார்.

முன்பு தலைமை நர்ஸாக இருந்த முத்தாயம்மாள் கதவைச் சாத்திக்கொண்டுதான் திட்டுவார். "நடந்தத எழுதிப் போடு சாமி, டாக்டர்கிட்ட நாம்பேசிக்கறேன்" என்பார். போன ஆண்டு அவர் ஓய்வுபெற்றதும் வித்யா வந்தார். ஷிப்ட் மாறும் இரண்டு மணிக்கு எல்லோரையும் வராந்தாவில் நிற்க வைக்கிறார். தவறை நோட்டில் எழுதியவரே அதை உரக்கப் படிக்க வேண்டும். நோயாளிகளின் உறவினர்களும் கேட்பார்கள். மூன்று மாதம் நோட்டில் ஒரு வரிகூட இல்லை. நிர்வாகம் வித்யாவுக்குப் பொன்னாடை போர்த்தியது.

புதிதாகச் சேர்ந்த இனியா விவரம் தெரியாமல் உண்மையை எழுதிவிட்டாள், குளுக்கோஸ் பாட்டிலைத் தாமதமாக மாற்றியதாக. இன்று வரிசையில் அவள் படித்தது காதில் விழவில்லை. "சத்தமாப் படிம்மா. தப்புப் பண்றப்ப இருந்த தைரியம் எங்க போச்சு?" என்றார் வித்யா. மூன்று முறை படித்தாள். வரிசை கலைய முக்கால் மணி நேரம் ஆனது. கலைந்ததும் இரண்டு புது நோயாளிகள்.

காத்தானுக்கு இரண்டு மணிக்குப் போட வேண்டிய ஊசியைச் சாரதாமணி போட்டபோது மணி நான்கு. காத்தான் போர்வெல் போடும் ரிக் வண்டித் தொழிலாளி, சிறுநீரகம் பழுது, மருந்து உடலில் தேங்கிவிடும். இரண்டு ஊசிகளுக்கு நடுவே எட்டு மணி நேரம் குறையவே கூடாது என்று டாக்டர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

"இன்னைக்கு லேட்டுங்களாட்ட இருக்குது, அம்மிணி?"

"கொஞ்சமுங்க."

ஊசி ஏட்டில் நான்கு என்று குறித்தால் அடுத்த ஊசி பன்னிரண்டுக்கு. ஆனால் தாமதம் தெரிந்துவிடும், நாளை வராந்தாவில் கேட்பது சாரதாமணியின் குரல். இரண்டு என்று குறித்தால் இரவு நர்ஸ் பத்துக்கே, ஆறு மணி நேரத்திலேயே, போட்டுவிடுவாள். அவளிடம் வாயால் சொல்லி வைக்கலாம். ஏட்டில் இல்லாததை நம்பி ஊசியைத் தள்ளிப்போட இங்கே இனி ஆளில்லை.

காத்தான் பார்க்காதபடி ஏட்டை மார்போடு சாய்த்துக்கொண்டு, 2.00 என்று எழுதிக் கையெழுத்திட்டார்.