ரோலரும் நலங்கு மஞ்சளும்

போன வாரம் யாராவது போன் செய்து "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டிருந்தால் அழுதிருப்பேன். இப்போது சிரிக்கிறேன்... அப்பாடா!

என் அண்ணன் மகள் நித்யாவுக்குக் கல்யாணம், திருத்துறைப்பூண்டியில். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. இருபது நாள்தான் லீவு. ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாத முகூர்த்தம். நித்யாவுக்கோ, போட்டோவில் கன்னத்துப் பருத் தழும்பு தெரியுமே என்று ஒரே கவலை.

நான் சும்மா இருந்தேனா? துபாயில் இருக்கும் என் மகன் எனக்கென்று அனுப்பிய சாமான் ஒன்று, பெட்டி பிரிக்காமல் பீரோவில் கிடந்தது. சின்ன ரோலர் — அதைச் சுற்றிலும் பொடிப்பொடி ஊசிகள். முகத்தில் உருட்டிவிட்டு சீரம் தடவினால், தோலுக்குள் நன்றாக இறங்குமாம். ஐம்பத்து நாலு வயதில் எனக்கு எது இறங்கி என்ன ஆகப்போகிறது? நித்யாவிடம் கொடுத்துவிட்டேன், பெருமையாக.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால், காலையில் அவள் உருட்டியிருக்கிறாள். கொஞ்சம் அழுத்தியே... சீக்கிரம் பலன் தெரிய வேண்டாமா? அன்று மாலை நலங்கு. சுமங்கலிகள் வரிசையாக வந்து மஞ்சளும் சந்தனமும் குழைத்துக் கன்னத்தில் பூசினார்கள். நானும்தான் பூசினேன், இரண்டு கையாலும்!

மூன்றாவது ஆள் பூசும்போதே அவள் கண்ணில் தண்ணீர். பிறந்த வீட்டைப் பிரிகிற துக்கம் என்று எல்லாரும் உருகினோம். அண்ணியும் சேர்ந்து அழுதார்.

"அத்தை... எரியுது" என்று அவள் என் காதில் சொன்னபோதுதான் எனக்குச் சுரீரென்றது.

"ஏண்டி, காலையில உருட்டினதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நலங்கு வேணாம்னு சொன்னா அபசகுனம்னு திட்டுவாங்களே அத்தை!"

கழுவிப் பார்த்தால், கன்னம் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. ரோலரைக் குறை சொல்ல முடியாது. தடவியதை உள்ளே அனுப்புவதுதான் அதன் வேலை. சீரமா, மஞ்சளா என்று அது கேட்குமா? பெட்டிக்குள் இருந்த தாளை அப்புறம்தான் படித்தேன். உருட்டிய அன்று வேறு எதையும் தடவாதீர்கள் என்று பொடி எழுத்தில் இருந்தது.

மன்னார்குடிக்குக் காரில் ஓடினோம். வழியெல்லாம் நான் வேண்டாத தெய்வமில்லை. பெண்ணின் முகம் என்னால் கெட்டால் அண்ணனுக்கு என்ன பதில் சொல்வேன்?

தோல் டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். நல்லவேளை, திட்டவில்லை.

"பயப்படாதீங்க, தழும்பு விழாது. மாத்திரை தர்றேன். கல்யாணம் முடியிற வரைக்கும் முகத்துல தண்ணியைத் தவிர எதுவும் படக் கூடாது."

"இன்னும் ரெண்டு நலங்கு பாக்கி இருக்கே டாக்டர்?"

"கால்ல வைங்க!"

காலில் வைத்தோம். ஒரு பெரியம்மா முணுமுணுத்தார். நான் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார். மேக்கப் போட வந்த பார்லர் பெண்ணையும் தலை அலங்காரத்தோடு நிறுத்திவிட்டேன்.

மறுநாள் சிவப்பு குறைந்தது. அதற்கடுத்த நாள் வீக்கம் வடிந்தது. முகூர்த்தத்தன்று... ஒன்றுமே இல்லை! மணவறையில் அவளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கல்யாணத்தில்கூட நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. உள்ளே எதையாவது இறக்கிக்கொண்டே இருக்கிறோமே — நாலு நாள் சும்மா விட்டால் தோல் தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறது.

பந்தியில் மாப்பிள்ளையின் தங்கை நித்யாவிடம் கேட்டாள்: "அண்ணி, முகத்துக்கு என்ன போடுறீங்க? இப்படிப் பளபளன்னு இருக்கு!"

"நாலு நாளா ஒண்ணுமே போடலைம்மா."

க்ரீம் பெயரைச் சொல்லாமல் மறைக்கிறாள் என்று அந்தப் பெண்ணுக்கு இன்னும் கோபமாம்!