சாமியார் மந்திரித்த கேஸ் குழி

தீக்குச்சியை உரசி அடுப்பருகே கொண்டுபோனால் முதலில் அழுகிய முட்டை வாடை லேசாக மூக்கில் ஏறும். அடுத்து "பொப்" என்று ஒரு சத்தம். அப்புறம் வாடையும் இருக்காது, சத்தமும் இருக்காது, நீலமாக ஒரு வளையம் மட்டும் எரிந்துகொண்டிருக்கும். பெருமுக்கல் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு நான் ஐந்தாவது படிக்கும்போது வந்து, ஏழாவது முடிப்பதற்குள் போய்விட்ட தீ அது. ஊரில் அதற்கு "சாணி கேஸ்" என்று பெயர்.

அம்மாவின் மூச்சுக்காக வந்தது அது. சவுக்கு மிலாறும் கரும்புச் சோகையும் எரித்து எரித்து அவளுக்கு நெஞ்சில் இழுப்பு கண்டிருந்தது. மழைக்காலத்தில் ஈர விறகை ஊதிவிட்டு நிமிர்ந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். புகை உள்ளே போகிறவரை மாத்திரை வீண் என்று திண்டிவனத்து டாக்டர் கைவிரித்துவிட்டார். சிலிண்டர் எங்கள் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். நைனா, அதாவது என் அப்பா, மாடுதான் நாலு நிற்கிறதே என்று திண்டிவனத்திலிருந்து ஒரு மேஸ்திரியை அழைத்துவந்து கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டிக் கட்டினார்.

சாணியையும் தண்ணீரையும் தொட்டியில் கரைத்துக் குழிக்குள் விடவேண்டும். சாணி குறைகிற கோடையில் மல்லாட்டைக் கொடியை, அதாவது வேர்க்கடலைக் கொடியை, பொடிசாக நறுக்கிச் சேர்த்துக் கலக்குவார் நைனா. உள்ளே அது புளித்து வாயு உண்டாக, மேலே கவிழ்த்திருக்கும் இரும்பு டிரம் மெல்ல எழும்பும். சமைக்கச் சமைக்க இறங்கும். காலையில் எழுந்ததும் அம்மாவின் முதல் வேலை, "டிரம்மு எழும்பிகினு இருக்குதா பாரு" என்று என்னையோ தம்பியையோ விரட்டுவதுதான். எழும்பியிருக்கும். அந்த ஒன்றரை வருஷமும் அவள் இழுப்பில்லாமல் தூங்கினாள், சமைத்துக்கொண்டே பாடக்கூடச் செய்தாள். எங்களுக்கு அம்மா புதிதாகக் கிடைத்த மாதிரி இருந்தது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? கக்கூஸையும் அந்தக் குழியில்தான் விட்டிருக்கிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டில் அப்போது கக்கூஸே கிடையாது என்பதெல்லாம் பேசுகிறவர்களுக்கு ஒரு பொருட்டில்லை. வந்தவர்கள் காப்பி வேண்டாம் என்று எழுந்துபோனார்கள். அம்மா ரோஷக்காரி. அன்றிலிருந்து துடைப்பமும் கையுமாகத்தான் திரிந்தாள்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். ஈஸ்டர் முடிந்ததும் பங்குச் சாமியார் வீடு வீடாக வந்து, ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து, "வீடு மந்திரித்து"விட்டுப் போவார். அந்த வருஷம் வீட்டோடு கேஸ் குழியையும் மந்திரிக்க வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். தனக்கு மூச்சைத் திருப்பிக் கொடுத்தது அதுதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதோடு, சாமியாரே கும்பிட்டு நின்ற இடத்தைப் பார்த்து ஊர் இன்னொரு முறை மூக்கைப் பிடிக்குமா என்றும் ஒரு கணக்கு இருந்திருக்கும்.

சாமியார் நிற்கப்போகிற இடம் நாறலாமா? திண்டிவனத்திலிருந்து பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் வரவழைத்து, அந்த வாரம் முழுக்கக் கொட்டகையைக் கழுவினாள். கழுவிய தண்ணீரெல்லாம் வாய்க்கால் வழியே தொட்டிக்குப் போயிற்று. தொட்டியையும் பினாயிலை ஊற்றித் தேய்த்தாள். அதெல்லாம் குழிக்குள் போயிற்று. நைனா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சுத்தம் செய்கிறவளை யார் தடுப்பார்கள்? சாமியார் வந்தார், ஜெபித்தார், டிரம்மின் மேல் தீர்த்தம் தெளித்தார், அந்த அடுப்பில் போட்ட காப்பியை வாங்கிக் குடித்தார். அம்மாவின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும்.

அந்த வாரமே டிரம் இறங்கத் தொடங்கியது. மறுபடி எழும்பவேயில்லை. வேறென்ன, சாமியார் கண்ணே பட்டுவிட்டது என்று சொன்னவர்களும் உண்டு. நைனா மேஸ்திரியை அழைத்துவந்தார். அவர் குழியிலிருந்து ஒரு கை கூழை அள்ளி முகர்ந்து பார்த்தார்.

"இன்னாம்மா ஊத்துனீங்க இதுல?"

"பினாயிலுங்க. சுத்தமா இருக்கட்டும்னு."

"போச்சு போங்க. கண்ணுக்குத் தெரியாத உசுருங்க உள்ள இருந்துகினுதான் கேஸ் பண்ணுதுங்க. எல்லாத்தையும் சாவடிச்சிட்டீங்க."

அம்மா கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். அப்புறம் கேட்டாள்: "சாமியாரு தீர்த்தம் தெளிச்சாரே, அப்பவே செத்துப்போயிருந்துதாங்க?"

மேஸ்திரி நல்ல மனிதர். பொய் சொல்ல வரவில்லை. "செத்துகினு இருந்துச்சும்மா" என்றார்.

குழியைக் காலிசெய்து, புதுச் சாணி போட்டு நிரப்பினால் திரும்ப வரும் என்றார். நைனா காலியும் செய்தார். நிரப்பத்தான் முடியவில்லை. அந்த வருஷம் ஏரி வறண்டது. வைக்கோல் இல்லாமல் மாடுகளைத் திண்டிவனம் சந்தைக்கு ஓட்டிவிட்டோம், மிஞ்சியது ஒரே ஒரு கறவை. ஊரிலும் அள்ளிக் கொடுக்க ஆளில்லை; இருந்த எருவெல்லாம் லாரி லாரியாகக் கேரளாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் நைனா, அதற்கடுத்த வருஷமும் அதையே சொன்னார், பிறகு அதையும் சொல்லவில்லை.

அம்மா விறகடுப்புக்குத் திரும்பினாள். கோயிலுக்குப் போவாள், பூசை பார்ப்பாள், ஆனால் அதற்குப் பிறகு தனக்கென்று எதையும் கேட்டு வேண்டி நான் பார்த்ததில்லை. நான் கல்யாணமாகிப் புருஷன் வீடு போன மறுவருஷம் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் அவள் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "பீடி குடிக்கிற பழக்கம் உண்டாம்மா?" என்று கேட்டார். வெட்கத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இல்லையென்று தலையாட்டினாள். அந்த மழைக்காலத்தை அவள் தாண்டவில்லை. எனக்கு அந்தக் கேள்வி இன்றைக்கும் ஆறவில்லை.

இப்போது அந்தக் குழி இல்லை. தம்பி மண்ணடித்து மூடி, மேலே பைக் நிறுத்தத் தளம் போட்டிருக்கிறான். கொட்டகை இல்லை, மாடு இல்லை. அறுப்பு மெஷின் போனதும் வைக்கோலை இன்னொரு மெஷின் உருளை உருளையாகச் சுருட்டிக்கொண்டு போகிறது. வீட்டுக்கு வீடு சிலிண்டர் வந்துவிட்டது. போன மாதம் போனபோது தம்பி வீட்டிலும் பார்த்தேன். பூப்போட்ட துணி உறை மாட்டி மூலையில் நின்றது. தம்பி மனைவி பிலோமினா பின்பக்கத்தில் மிலாறு மூட்டி உலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"கேஸ்ல வைக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"அது விருந்தாளி வந்தா பத்த வைக்கறது அண்ணி. தெனைக்கும் எரிச்சா கட்டுமா?" சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரிடம் போய்க் காட்டச் சொன்னேன். "போவணும் அண்ணி" என்று சிரித்துவிட்டு, குனிந்து மறுபடி ஊத ஆரம்பித்தாள். அவள் போகமாட்டாள். போனாலும், பீடி குடிக்கிற பழக்கம் உண்டா என்றுதான் கேட்பார்கள்.