இரண்டு பள்ளங்கள் உள்ள கோடு

எங்கள் ஆய்வறைச் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தாளைத்தான் முதலில் பார்த்தேன். அதை வரைந்தவரைப் பிறகுதான் பார்த்தேன். புள்ளிகளால் ஆன ஒரு கோடு. சமமாகப் போய்க்கொண்டிருந்து ஓரிடத்தில் ஆழமாக இறங்கி ஏறியது. மறுபடி சமமாகப் போய், கவனிக்காவிட்டால் தவறிவிடும் அளவுக்குச் சிறிதாக இன்னொரு முறை இறங்கி ஏறியது. கிழக்குப் பாலக்காட்டில், நான் பிறந்த ஊருக்குப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அப்போது உயிர்வேதியியல் ஆசிரியராக இருந்தேன். மழையில் இயற்பியல் துறையின் கூரை ஒழுகியதால், அங்கிருந்த தற்காலிக ஆசிரியர் ஒருவருக்கு எங்கள் ஆய்வறையில் பாதியைக் கொடுத்திருந்தார்கள். வண்டிப்பெரியார்க்காரர், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவரின் மகள். என் வயதுதான் இருக்கும். எல்லோரும் அவரை டீச்சர் என்றே அழைத்தோம்.

"இது என்னங்க டீச்சர், இருதயத் துடிப்புங்களா?" என்று கேட்டேன்.

"நட்சத்திரம் சார். பாக்குறதுக்கு ஒண்ணு, உள்ள இருக்குறது ரெண்டு" என்றார்.

ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு நட்சத்திரங்கள். எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் அவை தனித்தனியாகத் தெரியாது, ஒரே ஒளிப்புள்ளிதான். மங்கலானது முன்னால் வந்து பிரகாசமானதை மறைக்கும்போது வெளிச்சம் நன்றாகக் குறையும். அதுதான் ஆழமான பள்ளம். மங்கலானது பின்னால் போய் மறையும்போது கொஞ்சம்தான் குறையும். ஒரு வெளிச்சம் கூடுவதையும் குறைவதையும் மட்டும் வைத்துக்கொண்டு, யாரும் பிரித்துப் பார்த்திராத இரண்டு பேரின் பருமனையும் இடைவெளியையும் இவர் கணக்கிட்டு வைத்திருந்தார். பொழுது சாய்ந்ததும் சிறிய தொலைநோக்கியையும் கேமராவையும் மடிக்கணினியையும் மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போவார். கிழக்கே வாளையார்ப் பக்கம் லாரிகளின் வெளிச்சம் வானத்தை வெளுப்பாக்கிவிடுவதால் எப்போதும் மேற்கு மூலையில்தான் கருவியை நிறுத்துவார்.

என் வேலையும் ஏறத்தாழ அப்படிப்பட்டதுதான் என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. மொச்சை விதையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன். புரதம் என்பது நீண்ட சங்கிலி. தானாகவே மடிந்து ஒரு வடிவத்தை எடுத்துக்கொள்ளும். சூடேறினால் அந்த மடிப்பு அவிழ்ந்துபோகும். அது அவிழ்வதை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. புறஊதா ஒளியைப் பாய்ச்சினால் புரதம் மெலிதாக ஒளிரும். மடிப்பு அவிழும்போது அந்த ஒளிர்வு மாறும். ஒவ்வொரு டிகிரியாகச் சூட்டை ஏற்றி அந்த மாற்றத்தைக் குறித்துக்கொண்டே போவேன். முழுப் புரதமும் ஒரே மூச்சில் அவிழ்கிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் முடிவு.

ஒருநாள் என் திரையை எட்டிப்பார்த்த டீச்சர், "இந்தக் கோட்டுல ஏத்தத்துக்கு முன்னாடி சின்னதா ஒரு மேடு, தோள் மாதிரி தெரியுதே, இது என்னது சார்?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க. காத்துக் குமிழ் போயிருக்குமுங்க. அந்தப் புள்ளிகள எடுத்துப் போட்டா சரியாயிருமுங்க."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்தத் தோள் மூன்று முறையும் அதே சூட்டில் வந்தது என்று நானும் சொல்லவில்லை. மூன்று முறையும் அழித்திருந்தேன்.

அடுத்த ஆண்டு டீச்சரிடம் ஒரு பெரிய செய்தி சேர்ந்துவந்தது. அவருடைய நட்சத்திரத்தின் கிரகணம், அதாவது அந்த ஆழமான பள்ளம், கணக்குப்படி வரவேண்டிய நேரத்துக்குச் சில நிமிடங்கள் முந்தி வந்தது. பிறகு சரியான நேரத்துக்குத் திரும்பியது. மறுபடி முந்தத் தொடங்கியது. கண்ணுக்குப் படாத மூன்றாவது நட்சத்திரம் ஒன்று இந்த ஜோடியை நம்மை நோக்கியும் அப்பாலும் இழுத்தால் இப்படி நடக்கும். ஒரு கருத்தரங்கில் இதைப் பேச அழைத்திருந்தார்கள். அந்த முடிவை நம்பி, ஒரு பேராசிரியர் தன்னிடம் ஆய்வு செய்ய இடம் தருவதாகவும் சொல்லியிருந்தார். தற்காலிக வேலையில் ஆண்டுக்கு ஆண்டு பணி நீட்டிப்புக் கையெழுத்துக்குக் காத்திருந்தவருக்கு அது எவ்வளவு பெரிய வாசல் என்று எனக்குத் தெரியும்.

கருத்தரங்குக்குப் பத்து நாள் இருக்கையில், ஒரு மதியம் அவர் மடிக்கணினியையும் கைப்பேசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இங்க வாங்க. ரெண்டுலயும் மணி என்னன்னு பாருங்க."

மடிக்கணினி நான்கு நிமிடம் பிந்தியிருந்தது. மாடியில் இணையம் கிடையாது. அந்தப் பழைய கணினியின் கடிகாரம் நாள்தோறும் சில நொடிகள் பின்தங்கியிருக்கிறது, யாரோ இடையில் ஒருமுறை சரிசெய்திருக்கிறார்கள், மறுபடி பின்தங்கியிருக்கிறது. படங்களில் பதிந்த நேரமெல்லாம் அந்தக் கடிகாரத்தினுடையது. கடிகாரம் பிந்தினால் கிரகணம் முந்தியதாகத்தானே தெரியும்.

நான் சொன்னதை இன்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. "ஏனுங்க டீச்சர், இது நம்ம ரெண்டு பேருக்குத்தானுங்க தெரியும். மூணாவது நட்சத்திரம் நெசமாவே இருந்தாலும் இருக்குமுங்க. இப்பப் போய்ப் பேசிட்டு வாங்க, அப்புறம் பாத்துக்கலாமுங்க."

"இருக்கலாம் சார். ஆனா நான் பாத்தது அத இல்லையே. இத்தன நாளும் கடிகாரத்தத்தான பாத்திருக்கேன்" என்றார். அவர் குரலில் அழுகை இல்லை. எப்படித் தவறவிட்டோம் என்ற வியப்புதான் கூடுதலாக இருந்தது. அன்று மாலைக்குள் கருத்தரங்குக்கும் பேராசிரியருக்கும் நடந்ததை எழுதி அனுப்பிவிட்டார். பேராசிரியரிடமிருந்து நன்றி என்று ஒரு வரி வந்தது. இடத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு மூன்று நாள் என்னால் என் கோப்பைத் திறக்க முடியவில்லை. நான்காம் நாள், அழித்த புள்ளிகளையெல்லாம் திரும்பச் சேர்த்தேன். புதிதாக மொச்சை வாங்கிப் புரதத்தைப் பிரித்து, வேறொரு கல்லூரியின் கருவியிலும் வைத்துப் பார்த்தேன். தோள் அதே இடத்தில் வந்தது. கலப்படம் ஏதுமில்லை என்று உறுதிசெய்ய இரண்டு மாதம் ஆயிற்று. ஒரே சங்கிலியில் இரண்டு பாகங்கள் இருந்தன. ஒன்று முன்னதாகவும் மற்றது பின்னதாகவும் அவிழ்ந்தன. என் வழிகாட்டி கோபித்துக்கொண்டார். இரண்டு அத்தியாயங்களைத் தூக்கியெறிந்து ஆய்வேட்டைத் திரும்ப எழுத ஓராண்டுக்கு மேல் போனது. அதற்குள் டீச்சருக்குக் கல்லூரியில் கையெழுத்து ஆகாமல், அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். முடிவு மாறிவிட்டது, புரதம் இரண்டு பாகமாக அவிழ்கிறது என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தேன். ஏன் மாறியது என்று சொல்லவில்லை.

போன மாதம் வேறொரு வேலையாகக் குமுளி போனவன், வண்டிப்பெரியாரில் இறங்கினேன். டீச்சர் அங்கே பள்ளியில் வேலை பார்க்கிறார். முன்னந்தலை நரைத்திருந்தது. மூடுபனி விலகும் நாட்களில் பள்ளி மாடியிலிருந்து அதே நட்சத்திரத்தை இப்போதும் படமெடுக்கிறார். நேரத்தைச் செயற்கைக்கோளிலிருந்து எடுத்துக்கொள்கிறார்.

"மூணாவது ஆளு இல்ல சார். ரெண்டும் ஒழுங்கா நேரத்துக்கு வருது" என்றார், யாரோ வீட்டுப் பிள்ளைகளைப் பாராட்டுவதுபோல.

அப்போதுதான் சொன்னேன். "அந்தத் தோளுப் புள்ளிகள நான்தானுங்க டீச்சர் அழிச்சேன். ஒரு தடவ இல்லீங்க, மூணு தடவ."

எதற்கும் தயாராகத்தான் நின்றேன்.

"ரெண்டு பாகத்துல எது சார் மொதல்ல அவுருது?" என்று கேட்டார்.

"சின்னதுங்க."

"ஏன் சின்னது?"

"அது இன்னும் தெரியலீங்க."

சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்து என் பக்கம் போட்டார். "அப்ப உக்காருங்க சார்" என்றார். "மொதல்ல இருந்து சொல்லுங்க."