செல்வி பேரை எழுதிராதீங்க

ஃபாரம் நிரப்புற உத்தியோகத்தில் பேனா மை தீர்வதற்குள் நம்ம பொறுமை தீர்ந்துபோகும்; பட்டவங்களுக்குத் தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் ஒரு டாக்டரிடம் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். நாடு முழுக்கச் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகள் எத்தனை, வருஷா வருஷம் கூடுதா குறையுதான்னு டெல்லியில் கணக்கெடுத்தார்கள். எங்க வட்டாரத்து ஃபாரமெல்லாம் என் தலையில் விழுந்தது.

வழி கேட்டு வந்த சீக்கு

முதல் ஃபாரம் செல்விக்கு. பதினோரு வயசு. எலும்பும் தோலுமாத் தூக்கிட்டு வந்தாங்க. அப்பாவும் அம்மாவும் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குற வேலை. தினம் ரெண்டு வேளை இன்சுலின் ஊசி போடணும், விட்டால் உயிருக்கே மோசம்னு டாக்டர் சொன்னார். அப்பாக்காரர் என்னை முறைச்சார், என்னமோ நான்தான் சீக்கைக் கூட்டிட்டு வந்த மாதிரி. "முதலாளிமாருக்கு வார சீக்கு, ரேசன் அரிசிக் கஞ்சி குடிக்கிற எங்க வீட்டுக்கு எப்படிம்மா வழி கேட்டு வந்துச்சு?"

கோழிக்கூண்டுப் பக்கம்

இன்சுலினைக் குளிர்ச்சியா வைக்கணும். ஃப்ரிஜ்ஜுக்கு எங்கே போக? மண்பானையில் ஈரமணல் போட்டு, நடுவில் சின்னச் சட்டிக்குள் பாட்டிலை வைக்கச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வாரம் கழிச்சு ஃபாரத்தோடு வீட்டுக்குப் போனால், பானை கொல்லையில் கோழிக்கூண்டுக்குப் பின்னாடி, கவுத்த கூடைக்குள் இருக்கு! வந்ததே எனக்குக் கோபம். "ஏட்டி, மருந்து கோழிக்கா பிள்ளைக்கா?"ன்னு சத்தம் போட்டேன். அம்மாக்காரி மாடத்தி என் வாயைப் பொத்தாத குறைதான். "மெதுவா பேசுங்கக்கா, ஃபாரத்திலயும் செல்வி பேரை எழுதிராதீங்க, வெளிய தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தன் பொண்ணு கேட்டு வருவானா?"

சீனிப் பொட்டலம்

பேரில்லாத ஃபாரம் டெல்லிக்குப் போகாது. பாவம் பார்த்து டிராயரில் போட்டேன். மறைக்கிறதுக்கு நானும் துணை போனேன்; அதுதான் நான் செஞ்ச தப்பு. பள்ளிக்கூடத்தில் மாடத்தி மூச்சு விடலை. சொல்லுன்னு நானும் வற்புறுத்தலை.

ஊசி போட்டதில் ரத்தத்துல சர்க்கரை திடீர்னு இறங்கினால் வாயில் போட, செல்வி பையில் சீனிப் பொட்டலம் இருக்கும். ஒருநாள் வகுப்பில் கை நடுங்க அதைப் பிரிச்சிருக்கா. பாட நேரத்தில் தீனியான்னு டீச்சர் பிடுங்கிட்டாங்க. பிள்ளை அப்படியே சாஞ்சிட்டா. டீச்சரே ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்தாங்க. குளுக்கோஸ் ஏறி அவள் கண் முழிக்கிற வரைக்கும் நான் கட்டிலை விட்டு நகரலை. தகவல் கேட்டு ஓடிவந்த மாடத்தியின் கையைப் பிடிச்சுக்கிட்டு டீச்சர் அழுதாங்க. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஊட்டிவிட்டிருப்பேனேம்மா!"

காலிக் கட்டம்

மறுநாள் டிராயரிலிருந்து ஃபாரத்தை எடுத்துக்கொண்டு செல்வியின் கட்டிலுக்குப் போனேன். மாடத்தி அப்பவும் சேலை முந்தியைத் திருகிக்கிட்டே நின்னா. படுத்திருந்த பிள்ளை எட்டிப் பார்த்தது. வயசு இருக்கு, ஊர் இருக்கு, பேருக்கான கட்டம் மட்டும் காலி. "என் பேரை எழுதுங்கக்கா, கணக்குல இல்லாமப் போறதுக்கு நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அதுக்கப்புறம் மாடத்தியே தீப்பெட்டி ஆபீஸில் வாயைத் திறந்து சொல்ல, பிள்ளைகளை மறைச்சு வச்சிருந்த வேற சில வீட்டுக்காரர்களும் வந்து பேர் கொடுக்க, 'உங்கள் வட்டாரத்தில் நோய் ஏன் திடீரென்று கூடிவிட்டது?' என்று டெல்லியிலிருந்து விளக்கம் கேட்டு இன்னொரு ஃபாரம் என் தலையில் வந்து விழுந்தது.